அம்மாவின் கல்லில் பிள்ளையார் சுழி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். போகும்போது அப்படித்தான் இருந்தது. திரும்பி வருவதற்குப் பகல் முழுக்க ஆகிவிட்டது. போகும்போது நானும் சூசை மாமாவும் மட்டும்தான். வரும்போது கூட அம்மாவின் கல்லறைக் கல் இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் வேலை செய்கிறேன். கிழக்கே வளவனூர், கண்டமங்கலம் வரைக்கும் போயிருக்கிறேன், கல்யாணத்துக்கும் சாவுக்கும். வடக்கே போனதே கிடையாது. அதனால் திண்டிவனம் எனக்கு வெளிதேசம் மாதிரிதான். இருப்பதில் நல்ல தாவணியாகக் கட்டிக்கொண்டு, பையில் ஒரு துண்டும் சீப்பும் வைத்துக்கொண்டேன். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். "பத்திரமா கொண்டாந்து சேத்துடு சூசை" என்று மாமாவிடம் சொன்னார். என்னையா, கல்லையா என்று தெரியவில்லை.

சூசை மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷா ஓட்டுகிறார். அவர் வாய் சும்மா இருக்காது. பேசும், இல்லாவிட்டால் தின்னும். விக்கிரவாண்டியில் ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார். கூட்டேரிப்பட்டில் நுங்கு. "சித்திரை வெயில்ல வயித்த காய வுடக்கூடாது புள்ள" என்று என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். எனக்கும் சேர்த்து அவரே தின்றார்.

முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "பொண்டாட்டிய திட்டிக்கினே நாலு தோசை துண்றான்டி." "பின்ன, திட்டறதுக்குத் தெம்பு வேணும் இல்ல?" மாமா குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் நுங்குத் தண்ணீர் என் தாவணியில் கொட்டியது. அது காய்வதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது.

நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பெயர் சவுரியம்மாள். போன சித்திரையில் இறந்துபோனாள். கிட்னி கெட்டு, கால் வீங்கி, பிறகு முகம் வீங்கியது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை. நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். குடத்தைப் பக்கத்து வீட்டில் வைத்தேன். டம்ளரை என் பெட்டியில் வைத்தேன்.

அம்மா இந்த உலகத்தில் எதையும் ஆசைப்பட்டவள் இல்லை. புடவை கேட்டதில்லை, கம்மல் கேட்டதில்லை. கடைசி இரண்டு மாதத்தில் தண்ணீரை ஆசைப்பட்டாள், ஒரு பெண் மாப்பிள்ளையை ஆசைப்படுகிற மாதிரி. தெருவில் தர்பூசணி வண்டி கூவிக்கொண்டு போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "திண்டிவனத்துப் பழம்டி. ஒரு கீத்து. ஒரே ஒரு கீத்துடி அற்புதம்" என்பாள்.

எங்கள் கோயில் உபதேசியார் பார்க்க வந்தார். நல்ல மனுஷன். "சவுரி, ஆசை எல்லாம் சரீரத்துது. ஒறுத்துக்க. அந்தத் தாகத்த ஆண்டவருக்கு ஒப்புக்குடு" என்றார். அம்மா படுத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். "நீங்க வரும்போதே பக்கத்து வூட்ல ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு வந்திருக்கீங்க உபதேசியாரே, மீசையில இருக்குது" என்றாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி நாள் அன்று உதடு வெடித்திருந்தது. நான் துணியை நனைத்து உதட்டைத் துடைத்தேன். அம்மா அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினாள். நான் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

இதை நான் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. எந்தக் கட்டளையில் வரும் என்று தெரியவில்லை. ஞானோபதேச வகுப்பில் ஆசையைப் பற்றி இரண்டு கட்டளை படித்தோம். ஒன்று அடுத்தவன் பெண்டாட்டி, இன்னொன்று அடுத்தவன் சொத்து. தண்ணீர் எதில் சேரும்? ஒரு தடவை மட்டும் சாமியாரிடம், "சாமி, ஆசப்பட்டேன்" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டார். "எங்கம்மா திரும்பி வரணும்னு" என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றும் சொன்னேன். ஆசை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வருஷப் பூசை. அதற்குள் கல்லறையில் கல் வைக்க வேண்டும். மாமாதான் இரண்டு மாதம் முன்னால் திண்டிவனத்தில் தெரிந்த கல் ஆசாரியிடம் சொல்லி வைத்தார். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். மேல் வரியை மட்டும் காலியாக விட்டு, நேரில் வந்து சொல்கிறேன் என்று எழுதினேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லிலும் மேலே 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்று இருக்கும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியும். கல்லில் பொய் எழுதினால் அழிக்கவும் முடியாது. என்ன எழுதுவது என்று தெரியாமலேதான் வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் இறங்கினேன்.

இறங்கினால் எங்கே பார்த்தாலும் தர்பூசணி. ரோட்டு ஓரம் மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். அறுத்த பழம் சிவப்பாக, ஈ மொய்த்துக்கொண்டு, சொட்டிக்கொண்டு. எங்கள் ஊரில் வண்டியில் ஒன்றிரண்டு வரும். இங்கே பழத்துக்கு நடுவில்தான் ஊரே இருக்கிறது. மாமா நாலு கீற்று தின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பி ஒரு ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீர் இனிக்கும். இது கரித்தது. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டேன்.

ஆசாரியின் பட்டறை மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை. அம்மி, ஆட்டுக்கல், மூக்கு இல்லாத ஒரு நந்தி, பாதி வெளியே வந்த ஒரு அம்மன், எல்லாம் வெயிலில் கிடந்தன. ஆசாரி பெயர் ஏழுமலை. கிழவராக இருப்பார் என்று நினைத்தேன். மாமாவை விடச் சின்னவர். டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டே எங்களை உள்ளே கூட்டிப் போனார்.

கல் நன்றாக இருந்தது. கறுப்புக் கல், இடுப்பு உயரம். நடுவில் சிலுவை. கீழே 'சவுரியம்மாள்', தேதிகள். சிலுவைக்கு மேலே, நட்ட நடுவில், அழகாக ஒரு 'உ'.

"இன்னா ஆசாரி இது?" என்றார் மாமா.

"எது?"

"தோ, மேல."

ஏழுமலை டிரான்சிஸ்டரை நிறுத்தினார். கல்லைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ!"

"சிலுவைக்கு மேல புள்ளையார் சுழி போட்டு வெச்சிருக்கியேய்யா!"

"கைப்பழக்கம்ணே. கல்லுல உளி வெச்சா கை மொதல்ல அதத்தான் போடும். மைல் கல்லுல கூட ஒரு தபா போட்டுட்டேன், ரோட்டு ஆபீசர் கண்டபடி திட்டினாரு."

"எங்கக்கா தெனம் முழங்கால் போட்டு செபம் பண்ணவ. அவ தலைமேல புள்ளையார ஏத்தி உக்கார வெச்சிட்டியே!"

"உக்காந்தா இன்னாண்ணே. காவலுக்குத்தான."

மாமா அடிக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா செத்து ஒரு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்ததும் வெட்கமாகிவிட்டது.

செதுக்கி எடுத்துவிடு என்றார் மாமா. எடுத்தால் குழி விழும், குழியில் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் பச்சைக் கலரில் 'உ' தெரியும் என்றார் ஏழுமலை. அப்படியானால் இறக்கை வைத்துப் புறாவாக்கு, பரிசுத்த ஆவி மாதிரி இருக்கும் என்றார் மாமா. ஏழுமலை சாக்குக்கட்டியால் போட்டுப் பார்த்தார். புறா வரவில்லை. வாத்து வந்தது.

"ஒரே வழிதான்" என்றார் ஏழுமலை. "மேல் வரி காலியாத்தான இருக்குது? உ நடுவுல நிக்கட்டும். இந்தப் பக்கம் ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் உ-வ வெச்சி ஆரம்பிக்கற வார்த்தை. ஆருக்கும் தெரியாது."

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். திண்டிவனத்துக்காரர்கள் உதவி செய்வதில் கெட்டிக்காரர்கள். கல் யாருக்கு, எதற்கு என்று கேட்பதற்கு முன்னாலேயே யோசனை சொன்னார்கள்.

"அன்பு உள்ளம்" என்றார் ஒருவர். அது எவர்சில்வர் பாத்திரக் கடை பெயர் மாதிரி இருந்தது.

"நெஞ்சில் உரம்" என்றார் ஒரு கட்சிக்காரர்.

"இடம் உண்டு" என்றார் டீ மாஸ்டர்.

"யோவ், கல்லறையில இடம் உண்டுன்னு போட்டா அவனவன் வந்து துண்டு போட்டு வெப்பான்யா" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தெரியாமலேயே வாய் சொல்லிவிட்டது. "தாகம் உள்ளவள்."

மாமா திரும்பிப் பார்த்தார். "இன்னாது?"

"தாகம் உள்ளவள்னு போடுங்க."

"உனக்குப் பைத்தியமா புள்ள? தாகம் உள்ளவள்னு போட்டா, செத்தவ வந்து தண்ணி கேக்கறான்னு ஊர் பூரா பேசும். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கக் கூட எவனும் போவ மாட்டான்."

அத்தனை பேர் முன்னாலும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். குடத்தை ஒளித்து வைத்தது, துணியைப் பிடுங்கியது, எல்லாம் சொன்னேன். டீ மாஸ்டர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு அவர்கள் யாரென்று தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். "அவ கேட்டது தப்புன்னு சொன்னாங்க மாமா. சரீர ஆசைன்னாங்க. நானும் நம்பித்தான் புடுங்கினேன்" என்றேன்.

ஏழுமலை உளியைத் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். "தண்ணி கேக்கறது இன்னா தப்பு? உங்க சாமியே கேட்டாரே. பெரிய வெள்ளிக்கிழமை உங்காளுங்க மைக் செட்டு போட்டு படிப்பாங்க, எங்க தெரு வரைக்கும் கேக்கும். அடி, ஆணி, முள்ளு எல்லாம் வாங்கிக்கினு ஒன்னும் பேசாம தொங்கறாரு. கடசியில தாகமா இருக்குதுங்கறாரு. அவனுங்க புளிச்ச காடியக் குடுக்கறானுங்க. வருஷா வருஷம் கேக்கறேன், வருஷா வருஷம் பேஜாராத்தான் இருக்குது." உளி கிடைத்துவிட்டது. "எழுத்த மட்டும் சரியா எழுதிக் குடு தங்கச்சி. எனக்கு ஒத்தெழுத்துல சந்தேகம்."

நான் சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். முழங்கால் வலிதான் ஞாபகம் இருந்தது. ஆண்டவர் உண்மையாகவே தண்ணீர் கேட்டார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவரிடம் யாரும் போய், ஆசையை ஒறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

எழுத்து வெட்டி முடியாததால் அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம். ஏழுமலையின் வீட்டுக்காரி எனக்குப் பாய் கொடுத்துக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். எங்கள் வீட்டை விடக் காரம் அதிகம். மாமா பட்டறையிலேயே மூக்கு இல்லாத நந்தியின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

சனிக்கிழமை காலையில் கல் தயார். வைக்கோல் சுற்றி, மேலே சாக்குப் போட்டுக் கட்டினார்கள். சாக்கு கொஞ்சம் கட்டை. சிலுவையும் பெயரும் மறைந்துவிட்டன. மேல் வரி மட்டும் வெளியே தெரிந்தது. தாகம் உள்ளவள். ஒரு எழுத்து முதலில் பிறந்து மற்றவை பிறகு பிறந்த மாதிரியே தெரியவில்லை.

நாலு பேர் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார்கள். கண்டக்டர் குனிந்து படித்தார்.

"இன்னாய்யா இது, தண்ணிப் பந்தலுக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார். பொய் சொன்னால் மாமாவுக்குக் காது சிவந்துவிடும். சிவந்தது.

"நல்ல காரியம். லக்கேஜ் டிக்கெட் வேணாம், வையி." அவர் டிரைவரிடம் கத்தினார். "விழுப்புரத்துல பந்தல் போடறாங்களாம்ணே!"

டிரைவர் ஹாரன் அடித்து ஆசீர்வாதம் பண்ணினார்.

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாக்கு நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சிலுவையைப் பார்த்தாள், மறைவு என்று போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். "அய்யோ, பொணக் கல்லுடி!" என்று மடியிலிருந்த கல்யாணப் பத்திரிகைப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் மகளுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறாளாம். பஸ் முழுக்க எழுந்தது.

"தண்ணிப் பந்தல்னியேய்யா!" என்றார் கண்டக்டர்.

"வெயில்ல எல்லாரும் போவற எடம்தானங்க" என்றார் மாமா. அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கண்டக்டருக்கும் புரியவில்லை. கூட்டேரிப்பட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டாலும் ஆள்விட்டுத் தூக்கி, ஒரு புளிய மரத்தடியில் நிழலாகப் பார்த்துத்தான் சாய்த்து வைத்தார்கள். அந்தப் பஸ்ஸில் கெட்டவர்கள் யாரும் இல்லை.

அடுத்து வந்த இரண்டு பஸ்ஸும் கல்லைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டன. மாமா சாக்கை இழுத்துச் சிலுவையை மறைத்தார். மறுபடியும் மேல் வரி மட்டும் தெரிந்தது. மயிலம் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் மொட்டை அடிக்க வேண்டிய பிள்ளையோடு நடந்து வந்தது. கல்லைப் படித்துவிட்டு எங்கள் முன்னால் வரிசையாக நின்றது.

"பானை எங்கம்மா?" என்று கேட்டார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

"எந்தப் பானைங்க?"

"தண்ணிப் பானைதான். எழுதி வெச்சிட்டு சும்மா உக்காந்துக்கினு இருக்கியே. மோரா, தண்ணியா?"

அந்தப் பிள்ளையின் உதடு வறண்டிருந்தது. நான் எழுந்தேன். பக்கத்துப் பெட்டிக் கடையில் குடமும் டம்ளரும் கேட்டு வாங்கி, அடிபம்பில் அடித்து, தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு முதலில் கொடுத்தேன். அது மூச்சு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டியது. கொடுத்தேன். மறுபடி நீட்டியது. நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, வயிறு வெடிச்சிடப் போவுது" என்று அதன் அம்மா டம்ளரைப் பிடுங்கினாள்.

பிறகு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். கரும்பு வெட்டுகிற பெண்கள் வந்தார்கள். ஒருவர் குடித்துவிட்டு, "ஆரு உபயம்?" என்று கேட்டார். "சவுரியம்மாள்" என்றார் மாமா. "புண்ணியவதி, நல்லா இருக்கட்டும்" என்று அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். எட்டுக் குடம் அடித்தேனோ ஒன்பது அடித்தேனோ, கையில் கொப்புளம் போட்டுவிட்டது.

மாமா அந்த நேரம் முழுக்க எதுவும் வாங்கித் தின்னவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா செத்ததுலேர்ந்து எனக்குப் பசி அடங்கவே மாட்டேங்குது புள்ள" என்றார். "துண்ணுக்கினே இருக்கறேன். எங்கயோ ஓட்டை. எல்லாரும் சோத்து மூட்டைன்றாங்க. எனக்குச் சோறு வேணாம். எது வேணும்னுதான் தெரியல." நான் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுவும் இல்ல" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற ஒரு டிராக்டர்காரர் பரிதாபப்பட்டார். கல்லைக் கரும்புக்கு மேல் கட்டினோம். நாங்களும் மேலே ஏறி உட்கார்ந்தோம். முண்டியம்பாக்கம் ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. இறக்குவதற்கு ஆள் கிடைப்பதற்குள் எங்கள் வண்டி எடை மேடைக்கு வந்துவிட்டது. நானும் மாமாவும் அம்மாவின் கல்லும் கரும்போடு எடை ஏறப் பார்த்தோம். மேடையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "கல்லப் புழிஞ்சா சாறு வராதுய்யா, எறக்கு" என்றார். அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி. விழுப்புரம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாக்கின் மேல் கையை வைத்துத் தடவினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கொத்தனார் முன்னாலேயே வந்து செங்கல் கட்டிக் கலவை போட்டிருந்தார். கல்லை நிறுத்தி, மட்டம் பார்த்து, கலவையை அப்பிப் பூசினார். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "தாகம் உள்ளவள்." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"ஆரு எழுதினது இத?"

"நான்தாங்க" என்றேன்.

"உள்ளவள்னா இப்பவும் தாகம் இருக்குதுன்னு அர்த்தம். மோட்சத்துல தாகம் கெடையாதேம்மா." அவர் யோசித்தார். திடீரென்று முகம் தெளிந்தது. "உத்தரிக்கிற ஸ்தலத்துல உண்டு! மோட்சம் போறதுக்கு முன்னால பாவம் தீர அங்க காத்திருக்கற ஆன்மாக்களுக்கு ஆண்டவர் மேல தாகம் உண்டு. அப்ப சரிதான். சவுரி உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கறா. தப்பு இல்ல."

அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் அப்பா எழுந்துவிட்டார். அப்பா யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

"என் பொண்டாட்டி எந்த ஸ்தலத்துலயும் தாகத்தோட இல்ல" என்றார். "அவ குடிச்சிட்டுத்தான் போனா. நான்தான் குடுத்தேன்."

கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பப்பா?" என்றேன்.

"கடசி நாளு. நீ மில்லுக்கு லீவு சொல்றதுக்குப் போயிருந்தியே, அப்ப. பக்கத்து வூட்ல போயி ஒரு சொம்பு தண்ணியும் டம்ளரும் வாங்கியாந்தேன். ரெண்டு டம்ளர் குடுத்தேன்." அவர் என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார். "சாயங்காலமே போயிட்டா. நான் குடுத்துதான் போயிட்டா. அதான் ஒரு வருஷமா நான் பூசையில சாமியார் கையால நன்மை வாங்கறதில்ல. கோயில்ல பின்னாடியே நின்னுட்டு வந்துடறேன். உங்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்? நீ பெட்டியில டம்ளர வெச்சிப் பூட்டிக் காவல் காத்தவ."

நான் கொடுக்காமல் கொன்றேன் என்று ஒரு வருஷம். அவர் கொடுத்துக் கொன்றார் என்று ஒரு வருஷம். ஒரே வீட்டில் ஒரே பானையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் திண்டிவனம் வரைக்கும் போய்க் கல்லில் பொய் எழுதிக் கொண்டுவந்துவிட்டேன்.

"அப்ப கல்ல மாத்தணுமா?" என்றார் மாமா, மெதுவாக.

அப்பா தலையை ஆட்டினார். "வேணாம். மூணாவதா ஒரு டம்ளர் கேட்டா." "டம்ளர எடுத்தேன். இவ வர்ற செருப்பு சத்தம் கேட்டுது. கீழ வெச்சிட்டேன்."

நான் வந்ததும் அவள் ஏன் அந்தத் துணியைக் கவ்வினாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உபதேசியார் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். என் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

கொத்தனார்தான் அப்பாவிடம் பேசினார். அவருக்கு அன்று இன்னொரு வேலை இருந்தது. "ஏம்பா அந்தோணி, அழுவறது அப்பறம் அழுவலாம். வெயில பாத்தியா? இப்பவே தண்ணி ஊத்தலன்னா பூச்சு வெடிச்சிக்கும். ஜல்தியா ஒரு கொடம் கொண்டா."

தோட்டத்து மூலையில் பம்பு இருக்கிறது. அப்பா எழுந்து போய் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார். வெயிலில் காய்ந்த கலவை சர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சியது. ஊற்றிய சுவடு கூடத் தெரியவில்லை. இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினார். அதையும் குடித்துவிட்டது. அப்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, கொத்தனாரின் முகத்தைப் பார்த்தார்.

கொத்தனார் குனிந்து பூச்சின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் கேக்குதுப்பா" என்றார். "குடு."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்கு ஓடினேன்.